களப்புச் சப்பாத்து

எங்கள் வீட்டில் இங்கிலீசுக்குப் பொறுப்பு நான்தான். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தாலும் சரி, பல் டாக்குத்தரிடம் போனாலும் சரி, பதினொரு வயதுக்காரி முன்னால் நடக்கப் பெரியவர்கள் பின்னால் வருவார்கள். அந்தப் பதவியால் எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, பனி விட்டும் குளிர் விடாத ஒரு சனிக்கிழமை, மாமா என்னைக் கடைக்குக் கூப்பிட்டபோதும் அந்தத் தலைக்கனத்தோடுதான் போனேன்.

மாமா அம்மாவின் தம்பி. ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லூயிஷாமில் எங்களோடு வந்து சேர்ந்தவர். ஜெர்மன் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ் ஓகேயோடு சரி. அவருடைய மனைவியும் மகளும் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாமியின் குரலைக் கேட்டு வாரக்கணக்காகிவிட்டது. மகள் என் வயதுக்காரி, நான் படத்தில் மட்டும் பார்த்த மச்சாள். மாமாவும் அவளைக் கைக்குழந்தையாகத்தான் கடைசியாகக் கண்டவர். சனம் தண்ணிக்குள்ளால் இறங்கித்தான் வெளியே வருகுதாம் என்று பெரியவர்கள் குசினிக்குள் கதைப்பார்கள். நான் உள்ளே போனால் கதை நின்றுவிடும்.

கோயிலடியில் அரிசி, பால்மா, மருந்து என்று பெட்டி பெட்டியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் அங்கே போகுமாம். எல்லாரும் அரிசி கொடுக்க, மாமா சப்பாத்து தேடினார். எனக்கு அவர் சொன்ன காரணம் வேறு.

“தண்ணிக்குள்ளை இறங்கி நடக்கிற சப்பாத்து வேணும் எண்டு கேள் பிள்ளை. மீன் பிடிக்கவாம் எண்டு சொல்லு.”

தூண்டிலும் வலையும் தொங்கிய கடை அது. கடைக்காரர் வயசான வெள்ளைக்காரர், சரியான பொறுமைசாலி. இரண்டு சோடியை எடுத்து மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ஒன்றின் அடியில் தடித்த கம்பளி போல ஃபெல்ட் ஒட்டியிருந்தது. மற்றதன் அடி றப்பர், ஆழமாக வெட்டு வெட்டாக இருந்தது. எங்கே இறங்கப் போகிறார் என்று கேட்டார். அதைப் பொறுத்துத்தான் அடி என்றார்.

“களப்பு எண்டு சொல்லு,” என்றார் மாமா.

கடல் உள்ளே புகுந்து சேறும் உப்புத்தண்ணியுமாகத் தேங்கி நிற்கும் இடம் களப்பு. லண்டனில் பிறந்த எனக்கு அந்தச் சொல் எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது களைப்பு. வேலையால் வந்து அம்மா நாள் தவறாமல் சொல்லும் சொல். ஆகவே, மாமா கெதியாகக் களைத்துப்போவார் என்று கணீரென்று மொழிபெயர்த்தேன்.

கடைக்காரர் மாமாவை இரக்கத்தோடு பார்த்து, பாரம் குறைந்த சோடியை முன்னால் தள்ளினார். ஃபெல்ட் அடி. பாசி பிடித்த கல்லில் வழுக்காது, தையல் இரட்டைத் தையல், நெடுநாள் உழைக்கும் என்றார். உப்புத்தண்ணிக்குத் தாங்குமோ என்று மாமா கேட்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணியில் கழுவினால் வருசக்கணக்காகத் தாங்கும் என்று பதில் வந்தது.

“நல்ல தண்ணி,” என்று மாமா மெல்லச் சொன்னார். “குடிக்கவே இல்லையாம் அங்கை.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மீன் பிடிக்கிறவர் ஏன் தண்ணி குடிக்காமல் இருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கடைக்காரர் தேடி எடுத்த ஆகச் சின்ன அளவை என் காலில் போட்டுப் பார்க்கச் சொன்னார் மாமா. எனக்குத்தான் வாங்குகிறார் என்று நினைத்து நான் புளுகத்தில் துள்ளினேன்.

வீட்டில் அம்மா அதைக் கண்டதும் வாய்விட்டு அழுதார். “தலைக்கு மேலை வெள்ளம் போகுது, நீ சப்பாத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் தம்பி!”

“சேத்துக்குள்ளை நடந்து பாக்காமல் எப்பிடியக்கா அனுப்புறது?”

லூயிஷாமைத் தாண்டிப் போகும் சின்ன ஆறு தேம்ஸில் விழும் இடத்தில், தண்ணீர் வற்றும் நேரம் வெறும் சேறுதான் கிடக்கும். மறுநாள் பின்னேரம் மாமா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சப்பாத்தைப் போட்டு இறுக்கிக் கட்டினார். தான் வெறுங்காலோடு இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும் கையை விட்டுவிட்டார்.

“இப்ப தனிய நட.”

நடந்தேன். ஃபெல்ட் சேற்றைக் குடித்துக் குடித்துக் கல்லாகக் கனத்தது. கரையோரம் சறுக்கிற்று, உள்ளே புதைந்தது. ஒரு காலை இழுக்க மற்றக் கால் இன்னும் ஆழப் போக, முகம் குப்புற விழுந்தேன். மாமா பாய்ந்து என்னைத் தூக்கினார். ஒரு சப்பாத்து சேற்றுக்குள் நின்றுவிட்டது.

“ஏலாது,” என்றார். “ஐயோ, பிள்ளைக்கு ஏலாது.” பெரிய மனுசன் கண்ணீர் வழிய நின்றார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. புதுச் சப்பாத்து பழுதாய்ப் போன கவலையாக்கும் என்று எண்ணி, எப்படியாவது ஆளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு விறுவிறென்று சேற்றுக்குள் போய், புதைந்ததை இழுத்து எடுத்து வந்தேன்.

“இஞ்சை பாருங்கோ மாமா. வெறுங்கால்தான் லேசு!”

மாமா என் காலையே பார்த்தார்.

“மெய்யாவோ?”

“ஓம் மாமா. விரலாலை பிடிச்சுப் பிடிச்சு நடக்கலாம்.”

“இன்னொருக்கா நடந்து காட்டு, ராசாத்தி.”

காட்டினேன். பிறகும் காட்டச் சொன்னார். குளிரில் கால் விறைத்து, போதும் மாமா என்று நான் கெஞ்சும்வரை அவர் கண் எடுக்கவில்லை. பிறகு கரையில் இருத்தி, போத்தல் தண்ணியால் என் காலைக் கழுவி, தன்னுடைய சேட்டால் ஒவ்வொரு விரலிடுக்கையும் துடைத்தார். எனக்கு ஒரே கூச்சம்.

சப்பாத்து பெட்டிக்குள் போகவில்லை. எங்கள் மாடிப்படிக்குக் கீழே, சேறு காய்ந்தபடி கிடந்தது. மாமா சாப்பிடுவது குறைந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா சாமிப்படத்தைப் பார்ப்பார்.

வெயில் வந்துவிட்ட ஒரு நாள் காலை போன் அடித்தது. மாமா எடுத்தார். முகாமில் இருந்து மாமி. அம்மா என் தோளை நோக நோகப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு பேருமோ?” என்று மாமா கத்தினார். “ரெண்டு பேருமோ?”

அம்மா கும்பிட்டார். மாமா படியில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு கேட்டார்:

“பிள்ளை களப்புக்குள்ளாலை வெறுங்காலோடையோ நடந்தவள்?”

இத்தனை நாளுக்குப் பிறகு கதைக்கிற மனுசன், சாப்பிட்டீங்களோ, சுகமோ என்று கேளாமல் காலைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. களைத்துப்போய் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.