ராகு காலத்தில் ஓர் அவசரத் திருத்தம்

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வரன்களின் ஜாதகம், போட்டோ, சான்றிதழ் எல்லாம் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். வெளியூர்க்காரர்கள் இன்டர்நெட் வழியாகப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை தாண்டியதும் மென்பொருள் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. வெப்சைட் முகவரியில் நாலு எழுத்தை மாற்றிப் போட்டால் பாஸ்வேர்டே இல்லாமல் எந்தக் கோப்பையும் எவனும் படிக்கலாமாம். ஏற்கெனவே பல ஊர்களில் படித்துக்கொண்டும் இருக்கிறார்களாம். உடனே திருத்தத்தைப் போடு, முடியாவிட்டால் இணைப்பைப் பிடுங்கு என்றிருந்தது.

நிலையத்தை நடத்தும் அக்காவிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"இப்பதான் ராகு காலம் பொறந்து கீது. பன்னெண்டுக்கு மேல எது வேணா பண்ணு."

"திருடனுக்கு இன்னாக்கா ராகு காலம்?"

"ராகு காலத்துல ஆரம்பிச்சா அவனுக்குத்தான் வெளங்காது. நமக்கு இன்னா?"

சொல்லிவிட்டு என் கீபோர்டைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மோடம் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் அவரைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது.

தென்னேரியிலிருந்து மகளுக்கு வரன் தேடி வந்திருந்த பெரியவர் ஆவலாகக் கேட்டார். "ஏம்மா, வெளிநாட்டுக்காரன்லாம் பாக்கறானா? எம் பொண்ணு ஜாதகத்தயும் பாத்துக்கினு இருப்பானா?"

"தெரியலைங்க."

"பாத்தா சொல்லும்மா. வேற போட்டோ தரேன், அது சுமாரா கீது."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரார் விவரமெல்லாம் போகிறது, போலீஸ் வரும், கெட்ட பேர் வரும் என்று அக்காவிடம் மன்றாடினேன். அவர் எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, மோடத்துக்கு இரண்டு பக்கமும் வைத்தார்.

உண்மையான பயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. மறுமணத்துக்குப் பதிந்திருந்ததால் என் விவாகரத்துத் தீர்ப்பும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. என் புருஷன் கோர்ட்டில் என்னைப் பற்றிச் சொன்ன அசிங்கமெல்லாம் பக்கம் பக்கமாக. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் பெரியவருக்குக் கேட்காதபடி அக்காவின் காதில் சொன்னேன்.

"அது பீரோவுல தான கீது?"

"நான்தான்க்கா ஸ்கேன் பண்ணி ஏத்தினேன்."

கீபோர்டு கீழே விழுந்தது. அக்கா எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு ஒயரை ஒரே இழுப்பாகப் பிடுங்கினார். மணி பத்து ஐம்பத்தெட்டு.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?" என்று எரிந்து விழுந்தார்.

பன்னிரண்டுக்கு மேல் திருத்தத்தைப் போட்டோம். பிறகு எந்தெந்தக் கோப்பு போனது என்று பார்த்தேன். தென்னேரிப் பெண்ணின் ஜாதகத்தை எவனும் சீண்டவில்லை. என் தீர்ப்பை எவனோ திறந்திருந்தான், பத்து ஐம்பத்தொன்றுக்கு. அந்த நேரத்தில் நான் அக்காவிடம் போலீஸ் வரும், கெட்ட பேர் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.