மூன்றாவது செங்கல்

பகலில்தான் வந்திருக்கிறான். எனக்கு முதலில் உறைத்தது அதுதான். அனுமந்தன்பட்டியில் எங்கள் தெரு பகலில்தான் காலியாக இருக்கும். விடியுமுன் ஜீப் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய்விடும், ஏலக்காய் எடுக்க. ஆண்கள் திராட்சைத் தோட்டம், வயல், கட்டட வேலை என்று கலைந்துவிடுவார்கள். சாயங்காலம் ஜீப் திரும்பும்வரை தெருவில் இருப்பது நாய்களும், உடம்புக்கு முடியாதவர்களும், பக்கத்து வீட்டு மதினியும்தான். இதைத் தெரிந்து வைத்திருந்தவன்தான் வந்திருக்க வேண்டும்.

அன்று அக்கா மலையிலிருந்து வந்து முன்கதவைத் திறந்து, முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். கொல்லைக் கதவின் இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பியிருக்கிறார்கள். நிலையில் இரண்டு இடத்தில் மரம் பிளந்து உள்சதை வெள்ளையாகத் தெரிந்தது. உள்தாழ்ப்பாள் வில் மாதிரி வளைந்திருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நாய் குரைத்ததோ, யாராவது இருமினார்களோ, வந்தவன் பாதியில் போய்விட்டான்.

ஒன்றும் போகவில்லை. போயிருந்தால் பேத்திக்கென்று வாங்கி வைத்திருந்த கம்மலும் செத்துப்போன மச்சானின் கைக்கடிகாரமும் போயிருக்கும். அக்கா பெட்டியைத் திறந்து இரண்டையும் பார்த்துவிட்டு மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் ஊரில் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டேன், லாரியில் கிளீனராகப் போனேன், கோயம்புத்தூரில் டீ ஆற்றினேன், பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் மூன்று வருஷம் தொப்பி போட்டு உட்கார்ந்தேன். எங்கேயும் ஒட்டவில்லை. கடைசியில் முழங்கால் வீங்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றேன். ஊரைவிட்டுப் போகும்போது மச்சானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வண்டிப்பெரியாரில் விற்றவன் நான். மச்சான் செத்ததற்கும் வரவில்லை. அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. முன்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டாள். சாயங்காலம் வந்து சோறாக்கி எனக்கும் வைத்தாள். வீட்டுச் சாவி எங்கே இருக்கிறதென்று மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிடைத்த நாளில் திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கத்தரித்துக் கவாத்து வெட்டப் போவேன். மதியம் வேலை முடிந்தால் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஜீப்புக்காகக் காத்திருப்பேன். ஒருநாள் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. தகரம் ஒழுகியது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கதவை நெம்பிய மறுநாளிலிருந்து எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிலிண்டர் கொண்டுவருகிறவன் கொல்லைவரை வருகிறான். வண்டியில் பிளாஸ்டிக் நாற்காலி விற்க வருகிறவன் ஒன்றும் விற்காமலே வாரம் இரண்டு தடவை தெருவைச் சுற்றுகிறான். ஜீப் ஓட்டுகிறவனுக்கு யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியும். தோட்டத்தில் என்னோடு கவாத்து வெட்டுகிறவன் போன மாதம் சும்மா இருக்காமல், உங்கக்கா எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டான். அப்போது பதில் சொல்லிவிட்டேன். இப்போது அவன் கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் அவன் கையைப் பார்த்தேன், கடப்பாரை பிடித்த காய்ப்பு இருக்கிறதா என்று. கவாத்து வெட்டுகிற எல்லோர் கையிலும் காய்ப்பு இருக்கிறது. என் கையிலும் இருக்கிறது.

இப்படி நான் ஆள் ஆளாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது தெருவும் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு என் அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரே ஆளில் முடிந்துவிட்டது. டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு மழைக்கும் திராட்சை விலைக்கும் மாறியது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கொடுத்தால் முதலில் உட்காரவைத்து விசாரிக்கப்போவது என்னைத்தான் என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றும்தான் போகலையே என்று அக்கா விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரிலிருந்து அக்காவின் மருமகன் வந்தார். நல்ல மனிதர், எலெக்ட்ரிக் கடையில் வேலை. கையில் ஒரு கேமரா கொண்டுவந்திருந்தார். போனிலேயே பார்க்கலாமாம், ஆள் அசைந்தால் மணி அடிக்குமாம். அரை நாள் ஏணியில் நின்று வயர் இழுத்து மாட்டினார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மாட்டி முடித்தபிறகு நிமிர்ந்து பார்த்தேன். நெம்பியது கொல்லைக் கதவை. கேமரா முன்வாசலைப் பார்த்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் கட்டிலைப் பார்த்தது.

சாப்பிட உட்காரும்முன் அவர் உள்ளே அக்காவிடம் பேசியது தகரக் கொட்டகைவரை கேட்டது.

"இத்தன வருசமா இந்த வீட்டுப் பக்கம் ஒரு பூன கூட வந்ததில்ல அத்தே. மாமா வந்தாக, கதவு நெம்புப்பட்டுருச்சு. நான் எதுவும் சொல்லல. வேற எங்கனயாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க."

"இந்த மாசம் போகட்டும், பாப்போம்" என்றாள் அக்கா.

அந்த மாதத்தில் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்குப் போவது புதிதில்லை. மூட்டை கட்டக் கால்மணி நேரம் போதும். ஆனால் இந்த முழங்காலோடு எங்கே போய் யார் வாசலில் உட்காருவது என்று யோசித்தால் ஓர் இடமும் வரவில்லை. அதைவிட, போனால் நெம்பியது நான்தான் என்று ஆகிவிடும்.

அதனால் வேலையில் இறங்கினேன். வாட்ச்மேனாக இருந்தவன், வீட்டைப் பூட்டத் தெரியாதா. உத்தமபாளையம் பட்டறையில் இரும்புப் பட்டை வெட்டி, கொல்லைக் கதவுக்குக் குறுக்குச் சட்டம் செய்து வாங்கிவந்தேன். பிளந்த கதவுநிலையில் இரும்பு ஆங்கிள் வைத்துத் திருகினேன். பின்சுவர் மேல் சிமெண்டு பூசி உடைத்த பாட்டில் ஓடு பதித்தேன். தோட்டத்தில் கிளி விரட்டப் பந்தலில் கயிறு கட்டி, அதில் காலி டப்பாக்களைத் தொங்கவிட்டு இழுப்பார்கள். அதே மாதிரி பழைய பந்தல் கம்பியைச் சுவர் நெடுக இழுத்து டப்பா கட்டினேன். காக்கை உட்கார்ந்தால் சத்தம், ஆடு உரசினால் சத்தம். மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன கொழுந்தனாரே, ஒங்கக்கா கொல்லையில திராட்ச காய்க்கப்போகுதாக்கும்?"

கடைசியாக முன்கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கி மாட்டினேன். சாவியை அக்கா கையில் கொடுத்து, இனிமேல் இதை வீட்டில் எங்கேயும் வைக்காதே, யாரிடமும் கொடுக்காதே, மலைக்குப் போனாலும் உன்னோடே இருக்கட்டும் என்றேன். பெங்களூரில் சூப்பர்வைசர் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. அக்கா ஏதோ சொல்ல வந்தவள், சாவியைச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கும் வரும், ஒரு மணிக்கும் வரும், மறுநாளும் வராமல் இருக்கும். வேகமும் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டு முன்னும் இடுப்பளவு குழி வெட்டி, செங்கல் கட்டி, அதற்குள் குழாயைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். வீட்டுக்காரிகள் மலையில் இருப்பார்கள். தெருவில் இருக்கிற ஒருத்தி வீடு வீடாகப் போய்க் கதவைத் திறந்து, குடங்களை எடுத்துவந்து நிரப்பி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். எங்கள் பக்கத்துக்கு அது மதினி வேலை. ஆறு வீட்டுச் சாவி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முடியாத நாளில் பார்க்கிற பெண்களுக்கும் தெரியும்.

புதுப்பூட்டு மாட்டிய மறுநாள் பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. நான் தோட்டத்தில் இருந்தேன். சாயங்காலம் அக்கா வந்தபோது குடங்கள் காய்ந்து கிடந்தன. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அக்கா மலையிலிருந்து வந்த காலோடு ரெண்டு தெரு தள்ளிப் போய் ஒரு குடம் கேட்டு வாங்கி வந்தாள். வாங்கி வந்ததை நான் இறக்கிவைக்கப் போனேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

நாலாம் நாள் ஜீப் வந்து நிற்கும்போதே மதினி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் கட்டிலில் இருந்தேன். அக்கா இறங்கி வந்ததும் மதினி கேட்டாள்.

"ஏத்தா, எங்களச் சந்தேகப்பட்டுத்தான சாவிய முடிஞ்சுக்கிட்டுப் போற?"

பூட்டு மாற்றியது தம்பிதான், அவன் ஏதோ பட்டணத்தில் படித்ததைச் சொன்னான் என்று அக்கா சமாதானம் சொன்னாள். மதினி கேட்கவில்லை.

"இந்தத் தெருவுல ஒன் வீட்டுச் சாவி எங்கன இருக்குன்னு தெரியாத பொம்பள உண்டா? திருடணும்னா நாங்க எடுத்துத் தொறந்துட்டு, திருடிட்டு, திரும்பப் பூட்டிட்டும் போயிருப்போமே. கடப்பாரயத் தூக்கிக்கிட்டு எதுக்குக் கொல்லக் கதவ நெம்பப் போறோம்? சாவி இருக்க எடம் தெரியாதவன் எவனோ, அவன்தான நெம்பிருக்கான்."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். சொன்னது எங்கே போய் முட்டுகிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் சாவியின் இடம் சொல்லப்படாத ஒரே ஆள் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மதினி கட்டிலைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். மேலே கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அதுவரை எதற்கும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஒன்று போய் இன்னொன்று வந்து நிற்கும். ஆனால் மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

"குழாய்க் குழியில வலது பக்கம், மேலருந்து மூணாவது செங்கல்" என்றேன். "ஆட்டுனா வரும். உள்ள பால் கவர்ல சுத்திச் சாவி இருந்துச்சு. பழைய பூட்டுச் சாவி இன்னும் அங்கனதான் கெடக்கு."

அக்கா குழிக்கு மேல் கிடந்த பலகையைத் தூக்கவில்லை. தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

"எப்பருந்துடா தெரியும்?"

"வந்த மொத வாரத்துலருந்து. மதினி தண்ணி பிடிச்சு வீட்டப் பூட்டுனப்பெறகும் ஒருதரம் குழியில எறங்கி நிப்பாக. அதான் போய்ப் பாத்தேன்."

"ஆத்தாடி" என்றாள் மதினி. "நான் தண்ணி வந்தா ஒன்னயத் தீப்பெட்டி வாங்கக் கடைக்கு அனுப்பிட்டுல்ல சாவிய எடுப்பேன்."

"தெரியும் மதினி. நான் வாங்கித் தந்ததுக்கு இந்நேரம் நீங்க ஒரு பெட்டிக்கடையே வச்சிருக்கலாம்."

மதினிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அக்காவின் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. ஒளித்து வைத்ததைத் தம்பி வேவு பார்த்தான் என்ற கோபமா, வேறு ஏதாவதா. பிறகு கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா அன்னைக்கு மழையில சாக்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த?"

"நீ சொல்லலையேக்கா."

அக்கா உள்ளே போய்விட்டாள். மதினியும் போய்விட்டாள். சோறு எப்போதும் போல வந்தது. குழம்பு கொஞ்சம் அதிகமாக இருந்த மாதிரி தெரிந்தது. அப்படி நானாக நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை ஜீப்பின் ஹாரன் கேட்டது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா கதவைப் பூட்டினாள். நேராகக் குழிக்கு வந்து பலகையை விலக்கி இறங்கினாள். செங்கல்லை ஆட்டி எடுத்து, பழைய சாவியை வெளியே எறிந்துவிட்டுப் புதுச் சாவியைப் பால் கவரில் சுற்றி வைத்தாள். எதையும் மறைக்கவில்லை. ஏறி வந்து பலகையைக் காலால் தள்ளி மூடினாள்.

"தோட்டத்துக்கு மதியத்துக்கு மேல போ. தண்ணி வந்தா கொடத்தக் கழுவிட்டுப் பிடி. கழுவாமப் பிடிச்சுராத."

பதினொன்றரைக்குக் குழாய் சீறியது. குழியில் இறங்கிச் சாவியை எடுத்தேன். கைக்கு அந்தச் செங்கல் பழகியதில்லை, இரண்டு தடவை நழுவியது. கதவைத் திறந்து உள்ளே போனேன். நாலு மாதத்தில் ஆளில்லாத வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பெட்டி இருக்கிற மூலையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டேன் என்பதே உண்மை. அடுப்படி ஆணியில் மச்சானின் சைக்கிள் பம்பு தொங்கியது. சைக்கிள் போன பிறகும் அதை யாரும் கழற்றவில்லை.

நாலு குடம் பிடித்து உள்ளே வைத்தேன். வெளியே வந்தபோது மதினி தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலிலேயே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் பூட்டுவதைப் பார்த்தாள், சாவியைக் கவரில் சுற்றுவதைப் பார்த்தாள், குழியில் இறங்குவதையும் பார்த்தாள்.

"எடுத்த எடத்துலயே வையி கொழுந்தனாரே" என்றாள்.

சாயங்காலம் அக்கா வந்து ஒரு செம்புத் தண்ணீரை மோந்து நின்றபடியே குடித்தாள். பிறகு, மத்தியானம் மாப்பிள்ளை போன் பண்ணினார் என்று சொன்னாள். நான் கதவைத் திறந்ததைப் போனில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டிருக்கிறார். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைத்ததாம்.

"என்னக்கா சொன்ன?"

"தண்ணி பிடிச்சுக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

மாதம் முடிந்து அடுத்ததும் முடிந்துவிட்டது. கதவை நெம்பியது யாரென்று இன்றுவரை தெரியாது. சிலிண்டர்காரன் வந்தால் நான் கொல்லைவரை கூடவே போகிறேன். நாற்காலி விற்பவன் இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. டப்பாக் கம்பி அப்படியே இருக்கிறது. கேமராவையும் யாரும் திருப்பவில்லை. தினமும் தண்ணீர் பிடித்து முடித்ததும், அது பார்க்கிற மாதிரி நின்று பூட்டை ஒரு தடவை இழுத்துக் காட்டுகிறேன்.