ஏணி ஏற்றிய வான்

அக்கா எனக்குப் பெண் பார்த்தபோது என் வேலையைக் "கண்ணாடித் துறை" என்று சொல்லிவைத்திருந்தாள். நான் மெல்பனில் வீட்டு யன்னல் துடைப்பவன். படிக்க வந்து, படித்து முடித்து, அலுவலக வேலை கிடைக்காமல் ஓர் ஏணியும் அதை ஏற்ற ஒரு வான் வண்டியும் வாங்கினேன். பிறகு ஓர் அலுவலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. ஏணி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதை விடக் கல்லில் நார் உரிக்கலாம்.

2011இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பெண்ணின் தகப்பனாருக்கு அறுபதாவது பிறந்தநாள் என்று கிரான்பர்ன் புறநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அக்காவையும் என்னையும் அழைத்திருந்தார்கள். அவளோடு அதற்குமுன் இரண்டு தரம் தொலைபேசியில் பேசியிருந்தேன். எனக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது. அவளிடம் மட்டும் என் வேலையை மறைக்கவில்லை. "அப்பாட்ட நீங்களே சொல்லுங்கோ" என்று சிரித்தாள்.

"வானை அடுத்த தெருவில விடு. ஏணி தெரியக்கூடாது" என்றாள் அக்கா. விட்டேன். அதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம்.

வழக்கம்போலப் பெண்கள் குசினியில் சமையலோடு, ஆண்கள் கராஜில் டிவியோடு. யாரோ ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டார்கள். யன்னல் துடைக்கும் பெடியன் ஏணியில் ஏறுவான். உள்ளே ஒருத்தி உடுப்பில்லாமல் நிற்பாள். அடுத்த காட்சியில் வாளி ஒருபக்கம், அவன் காற்சட்டை ஒருபக்கம். வீட்டுக்கு வீடு இதே கதை. பிள்ளைகள் வராமல் கதவைச் சாத்திவிட்டு அங்கிள்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பெண்ணின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உந்த வேலைக்கு வாறவங்கள் எல்லாம் உப்பிடித்தான். பொம்பிளைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு உவங்களை வளவுக்குள்ள விடேலுமே?"

எனக்குச் சுருக்கென்றது. எழும்பினேன்.

"அங்கிள், நானும் யன்னல் துடைக்கிறவன்தான். அக்கா சொன்ன கண்ணாடித் துறை அதுதான்."

யாரோ படத்தை நிறுத்தினார்கள்.

"நாலு வருசமா ஏறுறன். ஒருத்தியும் என்னைக் கூப்பிடேல்லை. நான் கண்டதெல்லாம், ரெண்டு வேலை செய்துபோட்டுச் சப்பாத்தோட கதிரையில நித்திரை கொள்ளுற சனத்தைத்தான். அதையும் வெளியில சொன்னதில்லை. என்ர வேலையில எனக்கு ஒரு வெட்கமும் இல்லை."

போய் வானை எடுத்துவந்து, ஏணியோடு அவர் வாசலில் நிறுத்தினேன். கேக் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன். வழி முழுக்க அக்கா அழுதாள்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தோம். மூன்று கிழமை கழித்துப் பெண்ணின் தகப்பனார் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, எங்கட யன்னலெல்லாம் ஒரே ஊத்தை. ஒருக்கா வாறீரோ?"

சோதனை என்று விளங்கியது. போனேன். பட்டப்பகலில் வீட்டுத் திரைகள் அத்தனையும் இழுத்து மூடிக் கிடந்தன. கோபம் தலைக்கேறியது. ஏணியை இறக்காமலே கதவைத் தட்டினேன்.

"திரையைத் திறந்தால்தான் துடைப்பன், அங்கிள்."

அவர் வாய் திறக்குமுன் உள்ளே ஒரு திரை விலகியது. பிறகு அடுத்தது. அவள்தான் அறை அறையாகப் போய்த் திறந்துகொண்டிருந்தாள்.

இப்போது அந்த வீட்டில் ஏணி வைக்க அவர் சம்மதிப்பதில்லை. மருமகன் யன்னல் துடைத்தால் அயலட்டை என்ன சொல்லுமாம். சொல்லட்டும். வருசத்துக்கு இரண்டு தரம் போய் ஏறுகிறேன். உள்ளே நின்று அவள் திரைகளைத் திறந்துவிடுகிறாள்.