நான்கு விதமாக வணக்கம் சொல்லும் மேற்பார்வையாளர்

இஸ்திரி உருளைக்காரரிடம் மார்பில் கை வைத்துத் தலையைச் சற்றே தாழ்த்துகிறார். மடிப்பு மேசைப் பெண்ணுக்கு இரு கைகளையும் குவிக்கிறார். துவைக்கும் எந்திரத்துக்காரருக்குக் கைகுலுக்கல், அதுவும் சரியாக மூன்று தரம். மூட்டை பிரிக்கும் பெரியவருக்கு இடுப்புவரை வளைகிறார். ஆஸ்பத்திரியின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் காலைச் சுற்றை முடிப்பதற்குள் முதல் தொகுதி விரிப்புகள் துவைத்துப் பிழிந்தே ஆகிவிடும்.

மூட்டை பிரிக்கும் பெரியவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மேற்பார்வையாளர் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான். அவருடைய தாத்தா எங்கிருந்தோ கப்பலேறி வந்தவராம், அதற்காகத்தான் இந்த வளைவு. "இடுப்பு பிடிச்சுக்கப் போகுது சார், விடுங்க" என்று பெரியவர் தினமும் சொல்கிறார். "இருக்கட்டும், அது உங்க பண்பாடு" என்று இவரும் தினமும் வளைகிறார்.

ஆதாரம் சட்டைப்பையில் இருக்கிறது, ஒரு நீல நோட்டு. பல நாட்டு ஆட்களை வழிநடத்துவது எப்படி என்று நிர்வாகம் இரண்டு நாள் பயிற்சி நடத்தியது. பயிற்சி கொடுத்தவர் அந்த நாடுகளில் பலவற்றுக்கு விமான நிலையம்வரை போய் வந்தவர். மற்றவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். எந்த நாட்டாரைக் கண்ணைப் பார்த்துப் பேசலாம், யாரைப் பலர் முன்னால் பாராட்டக் கூடாது, யாரிடம் நேராக விஷயத்துக்கு வரக் கூடாது, எல்லாம் அதில் இருக்கின்றன. "வீட்டுல இருக்கறது நான் ஒருத்தி. எனக்குன்னு அதுல ஒரு பக்கமாவது இருக்கா?" என்று மனைவி கேட்டாள். அவர் நிஜமாகவே புரட்டிப் பார்த்தார்.

சிரிக்கலாம்தான். ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. பதினோரு வருடம் அவரே மூட்டை பிரித்தவர். அந்தக் காலத்து மேற்பார்வையாளர்கள் "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்டார்கள். தன் ஆட்களில் யாரும் அப்படி மனம் நோகக் கூடாது என்பதில் அவருக்கு அத்தனை பயம். அது தெரிந்ததால் ஆட்களும் ஒத்துழைக்கிறார்கள். மூன்று குலுக்கல் முடியுமுன் கையை எடுத்தால் சார் முகம் வாடிவிடுகிறது என்று எந்திரத்துக்காரர் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறார்.

இந்த வருடம் மட்டும் நான்கு பேர் வேலையை விட்டுப் போனார்கள். மாடியில் இருக்கும் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு, "இன்னும் ஒருத்தர் போனா, நீங்க திரும்ப மூட்டை பிரிக்கத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வணக்கங்கள் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.

இஸ்திரி உருளைக்காரர் மலைநாட்டுக்காரர். கொதிக்கும் உருளைக்குள் ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் செலுத்துவதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. மூன்று வாரமாக வேலை முடிந்ததும் மேற்பார்வையாளரின் அறை வாசலில் வந்து நிற்பார். பேச மாட்டார், தொண்டையைச் செருமுவார். இவர் நோட்டைப் பார்த்தார். 'மலைநாட்டவர்: தாமாகச் சொல்லும்வரை எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அவமானமாக எண்ணுவர்.' அதனால் இவர் தரையைப் பார்த்தபடி புன்னகைத்து, மார்பில் கை வைத்து, அவரைத் தாண்டி வீட்டுக்குப் போனார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். ஒரு மனிதரின் மரியாதையை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை காலையில் மார்பில் வைத்த கையை எடுத்ததுமே அந்தக் கையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. ராஜினாமா. இவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லல சார். அதான்."

"அப்புறம் ஏன்?"

"அம்மாவுக்கு ஆபரேஷன். பதினஞ்சு நாள் லீவு கேக்கலாம்னு தினமும் வந்து நின்னேன். நீங்க சிரிச்சுட்டுப் போயிட்டீங்க. கிடையாதுங்கறத இவ்வளவு நல்லவிதமா சொல்றாரேன்னு நெனச்சேன்."

"ஐயோ, உங்க ஊர்ல நாங்களா கேட்டா அது அவமானம் இல்லையா?"

"யார் சொன்னா?"

இவர் பையைத் தொட்டார்.

"எங்க ஊர்ல ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா தெருவுல போறவன்கூட என்னன்னு கேப்பான் சார். நீங்க மூணு வாரம் கேக்கல."

மடிப்பு மேசைப் பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே மேற்பார்வையாளர் அவமானத்தால் குறுகிப்போனார். பதவி போய்விடும் என்ற பயம் அந்த நிமிடத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. நோகக் கூடாது நோகக் கூடாது என்றே ஒருவரை இப்படி நோகடித்திருக்கிறோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஏதாவது சொல்ல வாயெடுத்தார். எந்த நாட்டு முறைப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

அதற்குள் உருளை ஒரு விரிப்பை வெளியே தள்ளியது. உருளைக்காரர் பழக்கதோஷத்தில் இரண்டு முனைகளைப் பிடித்தார். இன்னொரு பக்கம் பிடிக்க வேண்டிய மடிப்பு மேசைப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு மேற்பார்வையாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் போய் மற்ற இரண்டு முனைகளையும் பிடித்தார். துணி சுட்டது. பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"சார், அங்கேயே நின்னா எப்படி மடிக்கறது? நீங்கதான் இந்தப் பக்கம் வரணும்" என்றார் உருளைக்காரர்.

மேற்பார்வையாளரான பிறகு இந்தச் சலவைக்கூடத்தில் யாரும் அவருக்கு வேலை சொல்லித் தந்ததில்லை. அவர் தலையாட்டினார். சூடான முனைகளை விடாமல், தரையைப் பார்க்காமல், எதிரில் நிற்பவரின் முகத்தையே நேராகப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார்.

"அம்மாவுக்கு என்ன ஆபரேஷன்?" என்று பாதி வழியிலேயே கேட்டார்.