நான் கியர் போட்ட மாதங்கள்

என் கணவர் மாட்டு டாக்டர். யுத்த காலத்தில் ஒரு நாள், மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் ஒரு காளையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அது தலையைத் திருப்பி அவருடைய இடது கையைக் கட்டுத்தறியோடு சேர்த்து நெரித்துவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டு போட்டார்கள்.

அதே சமயத்தில் மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியிருந்தது. ஒரு தொழுவத்தில் வந்தால் ஊரையே காலி பண்ணிவிடுகிற நோய் அது. தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, அது கெடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. தெரிந்த டிரைவர்கள் எல்லாரும் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள்.

"ஸ்டியரிங்குக்கு ஒரு கை போதும். காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கியர் போடத்தான் கை இல்லை" என்றார் அவர், காரைச் சுற்றி வந்தபடி.

"அதை நான் போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

வேடிக்கைக்குத்தான் கேட்டேன். அவர் கதவைத் திறந்து, "ஏறு" என்றார்.

கியர் கம்பி எங்கள் இருவருக்கும் நடுவில், தரையிலிருந்து முளைத்து நிற்கும். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். ஒன்றாவது கியர் என் பக்கம், பின்னால். இரண்டாவது அவர் பக்கம், முன்னால். மூன்றாவது அவர் பக்கம், பின்னால். அவர் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்பார், நான் தள்ளுவேன். வில்லாபுரம் தாண்டி வயல்காட்டுப் பாதையில் ஒரு காலை முழுக்கப் பழகினோம். முதலில் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அவர் சொல்வதற்கு முன்பே, எஞ்சின் முனகுகிற விதத்தைக் கேட்டு, அவருடைய இடது கால் இறங்குவதைப் பார்த்து, நானே போட ஆரம்பித்தேன். செக்கானூரணியில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தார், நிஜமாகவே இரண்டு பேர் ஓட்டுகிறோமா என்று பார்க்க.

இப்படித்தான் அந்தக் கம்பி எனக்குப் பழக்கமானது. ஒரு நாள் அது நடுங்குவதைக் கவனித்தேன். நாகமலையை ஒட்டிய மேடுபள்ளத்தில் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடியது. முன்பு அப்படி இல்லை.

"நீ ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறே. உன் கைதான் ஆடுது" என்றார் அவர்.

நான் கையை எடுத்துவிட்டேன். கம்பி தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"சரி, எஞ்சின் ஆடுது. எஞ்சினுக்கு அடியில இருக்கிற ரப்பர் போயிருக்கும். அதோட சேர்ந்து இதுவும் ஆடுது."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும், எஞ்சினை நிறுத்திய பிறகு, வண்டியிலேயே உட்கார்ந்து கம்பியை அசைத்துப் பார்த்தேன். எந்தக் கியரிலும் விழாதபோது அது பக்கவாட்டில் அசையத்தான் செய்யும். அதனால் இரண்டாவதில் போட்டுவிட்டு அசைத்தேன். அப்போதும் ஒரு சாண் ஆடியது. எஞ்சின் தூங்குகிறது, கம்பி ஆடுகிறது. அப்படியானால் கோளாறு ரப்பரில் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். மேலே இருக்கும் குமிழைப் பிடித்துத் திருகினேன். குழாயைத் திருகுகிற மாதிரி கம்பி முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாவுக்கட்டைக் கழுத்துத் தூளியில் மாட்டியபடி வாசலில் நின்றவர், ஓடாத குறையாக வந்தார்.

"இது சுத்தக் கூடாதே. அடியில ஒரு முளை பிடிச்சிருக்கும். இங்கிட்டு அங்கிட்டு சாயும், ஆனா சுத்தாது" என்றார். "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"திருகிப் பார்த்தேன்."

"எதுக்குத் திருகினே?"

நான் மறுபடியும் ஒரு தடவை திருகிக் காட்டினேன்.

கோளாறு கம்பியின் அடியில் என்று தெரிந்தது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தயக்கம். அந்தக் காருக்கு உதிரி சாமான்கள் கப்பலில்தான் வர வேண்டும். யுத்தத்தில் எந்தக் கப்பல் வரும்? பிரித்தது திரும்பச் சேராவிட்டால் வண்டியே கிடையாது. போகிற வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

எழுமலைக்குப் போகிற வழியில் அந்தக் கம்பி வேலை செய்யாமல் போனது. உசிலம்பட்டி தாண்டி, ஒரு ஆட்டு மந்தைக்காக வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு மாற்றினோம். மந்தை விலகியது. மூன்றாவது போடப் போனேன். காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி துவண்டு என் மடிமேல் சாய்ந்துவிட்டது. எந்தப் பக்கம் தள்ளினாலும் போகிறது, எதையும் பிடிக்கவில்லை. கஞ்சிக்குள் கரண்டியை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது.

"என்னங்க, கியர் செத்துப்போச்சு."

"இப்ப எதுல கிடக்கு?"

"ரெண்டுல."

"அப்ப ரெண்டுலயே போவோம். ஐஸ் உருகிறப்படாது."

இரண்டாவது கியரிலேயே, எஞ்சின் கதறக் கதற, எழுமலைக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளில் முன்னதாகவே வந்து, சுற்றுப்பக்கத்து மாடுகளையெல்லாம் அங்கே கட்டச் சொல்லியிருந்தார். மருந்து கெடவில்லை. மத்தியானத்துக்குள் எல்லா மாடுகளுக்கும் ஊசி போட்டு முடித்து, கம்பவுண்டர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள்தான் கிளம்ப முடியாமல் நின்றோம். ரேஷன் பெட்ரோலில் இரண்டாவது கியரிலேயே மதுரை வரைக்கும் போக முடியாது. பின்னால் எடுத்துத் திருப்பவும் வழியில்லை.

"பிரிச்சிருவோம்ங்க. இதுக்கு மேல கெட என்ன இருக்கு?" என்றேன்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு பெண்மணிதான் சொந்தக்காரர். நாற்பது வயதிருக்கும். மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைப்பதிலிருந்து பருத்தி விற்பது வரை தானே பார்ப்பவர். நான் சேலையைச் சொருகிக்கொண்டு காருக்குள் மண்டியிட்டதும், அவரும் வந்து எதிர்ப்பக்கக் கதவில் தலையை நீட்டினார்.

"நானும் பாக்கலாமா தாயி? இம்புட்டு நாளா காரு வயித்துக்குள்ள என்னதான் இருக்குன்னு ஒரு யோசனை எனக்கு."

"வாங்க. எனக்கும் அதே யோசனைதான்."

கால்மிதியை எடுத்தேன். அடியில் மரப்பலகை. அதன் திருகாணிகளைக் கழற்றியதும், செம்மண் புழுதி அப்பிய கியர்ப்பெட்டி தெரிந்தது. அதன் உச்சியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி. அதற்குள்ளிருந்துதான் கம்பி எழுந்து வந்தது. முதலில் புழுதியைத் துடைக்கச் சொன்னார் என் கணவர். ஒரு மணல்கூட உள்ளே விழக்கூடாது. துடைத்துவிட்டு மூடியைத் திருகினேன். அது எளிதாகச் சுழன்று வந்தது. கம்பியை மேலே உருவினேன்.

கம்பியின் கீழ்ப்பகுதியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு. அதற்கும் கீழே விரல் மாதிரி ஒரு நுனி. குண்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டிய சுருள்வில் இரண்டு துண்டாக உடைந்திருந்தது. உடைந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு பாதி உயரத்துக்குக் குறுகிக் கிடந்தன. அழுத்தம் போனதால் குண்டு மேலே எழும்பியிருக்கிறது. நுனி பிடியை விட்டிருக்கிறது. குண்டு சுற்றாமல் தடுக்கிற சின்ன முளையும் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தது.

ஒரு மாதமாக என் உள்ளங்கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது இதுதானா! கவலைப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெட்டிக்குள் ஒரே இருட்டு. தோட்டத்து அம்மாள் வீட்டுக்குப் போய் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து, வெயிலைப் பிடித்து ஓட்டைக்குள் விழவைத்தார். மூன்று பேர் தலையும் முட்டிக்கொண்டன. கறுப்பு எண்ணெய்க்கு அடியில் பல்சக்கரங்கள் மினுங்கின. மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம். கம்பியின் நுனி எந்தப் பள்ளத்தில் இறங்குகிறதோ அந்தத் தண்டு நகரும் என்று என் கணவர் விளக்கினார்.

"ரெண்டு தண்டும் ஒண்ணா நகந்துட்டா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ரெண்டு கியரும் சேர்ந்து கடிச்சுக்கிரும். சக்கரம் சுத்தாது, பூட்டிக்கிரும்."

"அப்ப ரெண்டு பள்ளமும் நேருக்கு நேரா நின்னாத்தான் கம்பியை இறக்கணும். இப்ப ஒண்ணு முன்னாடி நிக்குது பாருங்கண்ணே."

ஆமாம், இரண்டாவது கியரின் தண்டு முன்னே தள்ளி நின்றது. நான் திருப்புளியை விட்டு அதை மெல்ல நெம்பினேன். உள்ளே எதுவோ 'டொக்'கென்று உட்கார்ந்தது. இரண்டு பள்ளங்களும் வரிசையில் வந்தன.

இனி வில்லுக்கு என்ன செய்வது? துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் உயரம் சரியாகத்தான் வந்தது. அழுத்தினால் மறுபடி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டது.

"நடுவுல ஒரு தட்டு வச்சா நுழையாதுல்ல?" என்றேன்.

அம்மாள் மடியை அவிழ்த்து ஓட்டைக் காலணா ஒன்றை நீட்டினார். கம்பி நுழைய அதன் ஓட்டை பத்தவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கிணற்றடியில் கிழிந்து கிடந்த கமலைத் தோல்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய தோல், பலகை மாதிரி கெட்டி. என் கணவரின் அறுவைக் கத்தியால் அதில் வளையங்கள் வெட்டினேன். ஒன்று துண்டுகளுக்கு நடுவில், இரண்டு மேலே. முளையை ஆணி வைத்துத் தட்டிக் கழற்றி, தேயாத பக்கம் உள்ளே வரும்படி அரைச்சுற்றுத் திருப்பி அடித்தேன்.

மூடியை மாட்டுவதுதான் பெரும்பாடு. வில் மேலே தள்ளுகிறது. எனக்கு அழுத்தவும் திருகவும் கை போதவில்லை. கணவருக்கோ ஒரே கை.

"தள்ளுங்க, நான் அமுக்குறேன்" என்று அந்த அம்மாள் காருக்குள் ஏறி, இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைச் சாய்த்தார். வில் அடங்கியது. மூன்று தடவை மரை பிடிக்காமல் வழுக்கி, நாலாவது தடவை பிடித்தது. நான் திருகி இறுக்கினேன்.

கம்பி விறைப்பாக நின்றது. குமிழைத் திருகினேன், சுற்றவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது. "நான் ஒரு தடவை போட்டுப் பாக்குறேன்" என்று அம்மாளும் போட்டுப் பார்த்தார். பின்னால் எடுத்துத் திரும்பியபோது கியர் போட்டது அந்த அம்மாள்தான். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் மதுரை வந்துவிட்டோம். அந்தத் தோட்டத்தில் பிறகு ஒரே ஒரு கன்று மட்டும் செத்தது, ஊசி போடுவதற்கு முன்பே காய்ச்சல் கண்டிருந்த கன்று. மற்றவை தப்பின. ரைஸ்மில்களுக்கு வேலை செய்கிற பட்டறை ஒன்றில் வில்லுக்கு அளவு கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்கினோம். அதை மாட்ட மறுபடி மூடியைத் திறந்தேன். தோல் வளையங்கள் எண்ணெய் குடித்துக் கறுத்து, நசுங்கி, ஆனாலும் கிழியாமல் இருந்தன.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு முதல் தடவை வெளியே கிளம்பினோம். எஞ்சின் முனகியது. இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் குமிழில் போய் மோதிக்கொண்டன.

"இனிமே நீ நிம்மதியா வேடிக்கை பாத்துக்கிட்டு வரலாம்" என்றார் அவர்.

நானும் வேடிக்கை பார்த்துத்தான் வந்தேன், அவருடைய இடது காலை. அது எவ்வளவு தூரம் இறங்குகிறது, எப்போது மேலே வருகிறது என்று.

"அந்தக் கிளட்சுக்குள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். நான் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.