காசு கேட்கப் போன அண்ணா

அண்ணா! டேய் அண்ணா!

வாசல் படலையில் நின்று இப்படித்தான் கத்துவேன். காசு வாங்கப் போனவன் பொழுதுபட்டுத்தான் வருவான். கையில் காசு இருக்காது, சைக்கிளில் மீன் பைதான் தொங்கும். அவன் செத்து மூன்று கிழமையாகிறது. இப்பவும் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் வாய் தானாகத் திறக்கிறது.

நான் போட்டுகளில் படம் கீறுகிறவள். கொக்கிளாய்ப் பக்கம் கடலுக்குப் போகிற பைபர் போட்டுகளின் முன்பக்கத்தில் மாதா, அந்தோனியார், போட்டின் பெயர் எல்லாம் என் கைதான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கீறுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. முக்கியமாகக் காசு கேட்கத் தெரியாது. "எவ்வளவு பிள்ளை?" என்று கேட்டால், "நீங்க பாத்துத் தாங்கோ" என்று நிலத்தைப் பார்ப்பேன். அவர்களும் பார்த்துத்தான் தந்தார்கள். என் முதல் மாதாவுக்குக் கிடைத்தது ஒரு பை சூடை மீனும், "மூக்கைக் கொஞ்சம் சின்னனாக் கீறியிருக்கலாம்" என்ற புத்திமதியும்.

அண்ணா கொதித்துப் போனான். "இனி நீ கீறு. காசுக் கதையை நான் பாக்கிறன்" என்றான். அன்றிலிருந்து அவன் மனேஜர். மேசன் வேலையால் வந்து, முகம் கழுவி, பவுடர் பூசி, அயன் பண்ணின சேட்டைப் போட்டு, கக்கத்தில் ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டு புறப்படுவான். பொம்பிளை பார்க்கப் போகிற மாதிரி இருக்கும்.

திரும்பி வந்ததும் கதை தொடங்கும்.

"பாவமடி அவை. எஞ்சின் பழுதாப்போச்சு. நிலவு காலம் வேற, மீன் படேல்லையாம்."

"அப்ப இந்த மீன் எங்கயிருந்து வந்தது?"

"அது... அன்பாத் தந்தவை."

"உன்னை அனுப்பினதுக்கு எங்கட பூனையை அனுப்பியிருக்கலாம். அதுவும் இதைத்தான் கொண்டுவந்திருக்கும்."

அம்மா குசினியிலிருந்து சட்டியோடு வருவா. "இந்தமுறை மாதா என்ன மீன் தந்தவ?"

ஆனால் காசும் வரும். பிந்தி வரும், துண்டு துண்டாக வரும், வரும். எப்படி வாங்கினான் என்று நான் கேட்டதில்லை.

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் அவன் இல்லை. அதை எழுத எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.

செத்தவீட்டுக் கதிரைகளைத் திருப்பிக் கொடுத்த கையோடு பெரியம்மா சொன்னா, "கார்மென்ட்ஸில ஆள் எடுக்கினம். திங்கக்கிழமை இவளை அனுப்பு. இனி ஆர் இவளுக்காகக் காசு கேட்டுத் திரியிறது?" அம்மா எழும்பிப் போய் என் நல்ல சட்டைகளைத் தோய்க்க எடுத்து வைத்தா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் காசு வராமல் நின்றது. மூன்று போட் வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவருக்கு அந்தோனியார் கீறிக் கொடுத்திருந்தேன். "அதை நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தா கார்மென்ட்ஸ் இல்லை. வெறுங்கையோட வந்தா திங்கக்கிழமை போறன்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அண்ணாவின் சைக்கிளை எடுத்தேன். சும்மா போய்க் கேட்க வெட்கம். அந்தோனியாரின் கையில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று அண்ணா சொன்னது ஞாபகம் வந்தது. அதைத் திருத்துகிற சாட்டில் போகலாம் என்று பிரஷ், பெயின்ட், பழைய பெயின்டைக் கரைக்கிற தின்னர் ரின், சுரண்டுகிற தகடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

சம்மாட்டி கடற்கரையில் தன் வாடிக் கொட்டிலின் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு வாயே வரவில்லை. நேரே போட்டடிக்குப் போய்த் தின்னர் ரின்னைத் திறந்தேன்.

மனுசன் வலையை எறிந்துவிட்டு ஓடி வந்தார். "பிள்ளை! பிள்ளை! அந்தோனியாரிலை கை வையாதை! இப்ப தாறன்!"

வாடிக்குள்ளிருந்து அவருடைய மனுசி, "நான் அப்பவே சொன்னனான், அந்தப் பெட்டை பொல்லாதது, காசைக் குடுத்துத் துலையுங்கோ எண்டு!" என்று கத்தினா.

பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. "ஆரைச் சொல்லுறியள் ஐயா?"

"உன்னைத்தான். உன்ர கொண்ணன் எல்லாம் சொன்னவன். காசு தராத ஒருத்தன்ர போட்டில ஏறி, அந்தோனியாருக்கு ரெண்டு கொம்பு வைச்சிட்டு வந்தனியாமே? கொம்பு வைச்ச அந்தோனியாரோட ஆர் பிள்ளை கடலுக்குப் போவான்?"

மனுசியும் வெளியே வந்துவிட்டா. "அவன் பாவம். 'நான் தவணை வாங்கித் தாறன், அவளின்ர கோவம் ஆற ஏதாவது தாங்கோ' எண்டு நிப்பான். நல்ல விளைமீனாப் பாத்துத்தானே பிள்ளை குடுத்து விட்டனாங்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் வந்து அவர்கள் பாவம் என்றான். அவர்களிடம் போய் நான் பேய் என்றான். நடுவில் நின்று பொரித்த மீன் தின்றான்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. என் கண் சிவந்ததைக் கண்டு சம்மாட்டி இன்னும் பயந்துவிட்டார். சாரத்து மடியில் இருந்ததை எடுத்தார். "உள்ளுக்க கிடக்கிறதையும் கொண்டுவா!" என்று மனுசியை விரட்டினார். முழுக் காசும் கையில் வந்தது.

அது பொய் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அண்ணா கஷ்டப்பட்டுக் கட்டி வைத்ததை நான் ஏன் இடிக்க வேண்டும்? கண்ணைத் துடைத்து, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன்.

"மற்ற ரெண்டு போட்டுக்கும் ஆர் கீறுறது?"

"நீதான் பிள்ளை. வேற ஆர்?"

"அரைவாசிக் காசு முதல்ல தரவேணும்."

"ஓம், ஓம். தாறன்."

வேலை தந்த ஒருவரின் முகத்தைப் பார்த்துக் காசு என்று நான் சொன்னது அதுதான் முதல்தரம். வந்த சாட்டுக்கு அந்தோனியாரின் கையையும் திருத்திக் கொடுத்தேன். முடியும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் நின்று, கை தலைப்பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அம்மா பையை எட்டிப் பார்த்தா. "மீன் இல்லையோ?"

"இல்லையம்மா. காசு."

அம்மா காசைத் தொடவில்லை. மீன் இல்லாத பையை வாங்கி, அண்ணா மீன் பை மாட்டுகிற ஆணியில் மாட்டினா. பிறகு, "பெரியம்மாக்குப் போன் பண்ணு. திங்கக்கிழமை நீ வரேல்லை எண்டு சொல்லு" என்றா.

வருகிற கிழமை அவனுடைய முப்பத்தோராம் நாள் பூசை. எனக்கு ஒரே ஒரு பயம்தான். அந்தக் கொம்புக் கதையை அந்தோனியார் மேலே அவனை நேரே கூப்பிட்டு விசாரிப்பார். "நான் இல்லை, தங்கச்சிதான்" என்று இவன் அங்கேயும் என்னை மாட்டிவிடப் பார்ப்பான். அவரை விளைமீனால் சமாளிக்க முடியாது. அவன் சொன்ன பொய் எல்லாம் எனக்காகச் சொன்னது. அதனால் இதை வாசிக்கிற நீங்கள் எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அண்ணாவுக்காக ஒருதரம் செபம் சொல்லுங்கோ.