நீலமாகவே நின்ற குழாய்

1. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதும் டீச்சரின் சிறுநீரில் சர்க்கரை வருவது நின்றது.
2. டாக்டர் இன்சுலின் அளவை மாற்றவில்லை. அந்தச் சோதனை முடிவைத் தன் கட்டுரையில் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினார்.
3. டீச்சருக்குக் காலை வேளைகளில் கை நடுங்க ஆரம்பித்தது.

அது போர்க்காலம். அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் சோதனைக்கூட வேலை பார்த்தேன். எங்கள் டாக்டர் நீரிழிவு பற்றி மருத்துவப் பத்திரிகைகளில் எழுதுபவர். வரகும் கம்பும் சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு இன்சுலின் வேண்டும் என்று ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். டீச்சரும் அதில் ஒருவர்.

சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து கொதிக்கவைப்பேன். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், மிஞ்சினால் செங்கல் நிறமாகும். இல்லையென்றால் நீலம் மாறாது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பதை நீலம் சொல்லாது. இரத்தத்தைச் சோதிக்க எங்களிடம் வசதி இல்லை.

டீச்சருக்கு ஊர் வரதராஜன்பேட்டை, வேலை அரியலூர்ப் பள்ளிக்கூடத்தில். காலையில் எங்களிடம் வந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார். ஒருநாள் நான் ஊசி போட்டபோது அவர் கை சில்லென்று வியர்த்திருந்தது.

"கம்பங்கஞ்சி குடிச்சீங்களா டீச்சர்?"

"ஒருசந்தி கண்ணு. மத்தியானம் ஒருவேளதான்."

"நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது போன வருஷம். இப்ப ஒன் குழாயே எனக்கு நோயில்லேங்குது. அப்புறம் எந்த மொகத்தோட கஞ்சி குடிக்கிறது?"

"அப்ப ஊசி மட்டும் எதுக்கு?"

"ஊசி சாப்பாடு இல்லியே. அது ஒருசந்திய முறிக்காதுன்னு பங்குச் சாமியாரே சொல்லிட்டாரு."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பட்டினியில் அந்த அளவு ஆளையே சாய்த்துவிடும் என்றேன். அவர் கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"இப்ப அளவ மாத்தினா அட்டவணையே கெட்டுப்போயிடும்மா. அவங்கள கஞ்சி குடிக்கச் சொல்லு."

சொன்னேன். டீச்சர் சிரித்தார்.

"பெரிய வெள்ளி வருது, கஞ்சியா? போடி. ஊருக்குப் போயிட்டு வரேன், அப்புறம் பானையோட குடிக்கிறேன்."

ஊசியையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தானே போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியும். கிறுகிறுத்தால் வாயில் போட்டுக்கொள்ள வெல்லம் கொடுத்து, முந்தானையில் முடிந்துகொள்ளச் சொன்னேன். வாங்கிக்கொண்டார்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அவர் உளறினார், பிறகு விழுந்தார். ஆண்டவரின் பாடுகளை நினைத்த துக்கத்தில் மயங்கிவிட்டார் என்று பெண்கள் கோயில் நிழலில் படுக்கவைத்து, சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். ஒருசந்தி முறிந்துவிடும் என்று வாயில் தண்ணீர்கூட விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெல்லம் முந்தானையில் முடிந்தபடியே இருந்தது. டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கண் திறந்தது. என்னைப் பார்த்த கண்ணில் என்னைத் தெரிந்ததாக இல்லை.

டீச்சர் இப்போது வரதராஜன்பேட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறார். நினைவு முழுதாகத் திரும்பவில்லை, சோறு ஊட்ட வேண்டும். கட்டுரை வெளிவந்துவிட்டது, அதில் அவர் நோய் கட்டுப்பட்டவர். அட்டவணையைக் கேட்டு வெளியூர் டாக்டர்கள் எழுதுகிறார்கள். டாக்டர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.